குரலுக்கு ஒரு மதிப்பெண்

எங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். அதில் தேர்வுகளுக்கு 15, ஒப்படைப்புக்கு 5, வகுப்பின் முன்னால் நின்று பேசும் செமினாருக்கு 5. அந்த 5 எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு தாள் இருக்கிறது. பாடப்பொருள், உச்சரிப்பு, குரல், உடல்மொழி, வினாக்களுக்கு விடை என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எங்கள் துறையில் யாரும் இதை உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. நாக் குழு வரப்போகிறது, மதிப்பீட்டுக்கு அளவுகோல் காட்ட வேண்டும் என்று ஒருநாள் அவசரமாகச் சொன்னார்கள். (பெயரிலேயே நாக்கு இருக்கும் குழு பேச்சுக்கு அளவுகோல் கேட்டதில் வியப்பில்லை.) இன்னொரு துறையின் தாளை வாங்கி, தலைப்பை மட்டும் தமிழில் தட்டச்சு செய்து நகலெடுத்துக்கொண்டோம். பல ஆண்டுகளாக அந்தத் தாளில் எண்களை நிரப்பிவருகிறேன்.

சென்ற ஆண்டு இரண்டாமாண்டு வகுப்பில் சிலப்பதிகாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டு பேர் செமினார் எடுத்தார்கள். முதலில் வந்த மாணவன் பள்ளி நாளிலிருந்தே பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கியவன். அவையோருக்கு முத்தான முதற்கண் வணக்கம் சொல்லிவிட்டு, மேசையின் ஒரு பக்கம் கையூன்றி, கண்ணகியைக் கற்புக்கரசி என்றும் கனல்விழியாள் என்றும் காவியத் தலைவி என்றும் அடுக்கினான். வகுப்பு கைதட்டியது. நானும் புன்னகைத்தேன். அவனுக்கு நாலரை.

அடுத்து வந்த மாணவிக்கு வழக்குரை காதை. தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். மூன்றாவது பெஞ்சுக்கு மேல் கேட்கவில்லை. “சத்தமா, சத்தமா” என்று பின்னாலிருந்து குரல்கள். நானும் ஒருமுறை சொன்னேன். குரல் உயர்வதற்குப் பதிலாக இன்னும் உள்ளே போனது. முன் இருக்கையில் இருந்ததால் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. கண்ணகி வாயிலோனிடம் சொல்லி அனுப்புவது இரண்டே செய்தி: கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள். வாயிலோன் அரசனிடம் போய் அதை முதலில் சொல்லவில்லை. வந்திருப்பவள் கொற்றவை அல்லள், பிடாரி அல்லள், காளி அல்லள், துர்க்கையும் அல்லள் என்று அவளைப் பார்த்த அச்சத்தில் ஒரு பட்டியலே போடுகிறான். அவள் சொல்லி அனுப்பிய செய்தி கடைசியில் வருகிறது. “அவங்க என்ன சொன்னாங்கங்கறதுக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கங்கறதுதான் உள்ள போச்சு” என்றாள். பதினைந்து ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் நடத்தும் எனக்கு அது தோன்றியதில்லை. இருந்தும் தாளில் குரலுக்குச் சுழி, உடல்மொழிக்குச் சுழி, உச்சரிப்புக்கு அரை. கூட்டினால் இரண்டு வந்தது. ஓரத்தில் ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்று எழுதி ஒப்பமிட்டேன்.

மறுநாள் துறைக்கு வந்தாள். மதிப்பெண்ணைக் கூட்டிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “எவ்வளவு சத்தமா பேசுனா அந்த ஒரு மார்க் குடுப்பீங்கம்மா?” என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. “வீட்ல கொஞ்சம் சத்தமா பேசிட்டா, யாருகிட்ட வாயாடுறன்னு அப்பா கைய ஓங்குவாரு. இங்க மெதுவா பேசுனா நீங்க மார்க்கக் குறைக்கிறீங்க. நான் எங்கதாம்மா பழகுறது?”

அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் அந்தத் தாளின் மூன்றாவது கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பேச்சுக்கும் படைப்புக்கும் அவையில் மதிப்பிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் சொல்லும் காட்சி ஏறக்குறைய ஒரு வாய்மொழித் தேர்வு. நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவை. நூலை எடுத்து உரைப்பவர் தொல்காப்பியர். குற்றம் இருக்கிறதா என்று கேட்பவர் அதங்கோட்டாசான். இதில் எனக்குப் பிடித்தது, மதிப்பிடுபவரின் வேலை கேட்பது என்று பாயிரம் வைத்திருப்பதுதான். தொல்காப்பியரின் குரல் எப்படி இருந்தது, எப்படி நின்றார் என்பதெல்லாம் பனம்பாரனாருக்குப் பொருட்டாகவே இல்லை. ஆனால் அந்த அவையில் அரங்கேறிய நூலே, தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை என்றும் விதிக்கிறது. ஒரே நூலுக்குள் அவையில் பேசும் ஆணும் ஒருவன் முன்னால்கூடப் பேசக் கூடாத பெண்ணும் இருக்கிறார்கள்.

திருக்குறளில் பேச்சுக்கு மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன: சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை. கல்லூரிகளில் பேச்சுப்பயிற்சி வகுப்பு என்றால் முதலில் பலகையில் ஏறுவது இவைதான். நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். மூன்றும் பொருட்பாலில், அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளுக்குள் வருகின்றன என்பதை வகுப்பில் சொல்வதில்லை. அவையஞ்சாமையில் ஓர் உவமை வரும். அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூல், போர்க்களத்தில் பேடியின் கையிலிருக்கும் வாள் போன்றது என்பது அதன் கருத்து. ஆண் அல்லாதவர் கையில் வாளுக்குப் பயனில்லை, ஆண் அல்லாதவர் வாயில் கல்விக்குப் பயனில்லை என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கத்தான் அது இடம் தருகிறது. வள்ளுவர் மேல் வழக்குத் தொடுக்க இதைச் சொல்லவில்லை. அவையில் அச்சமின்மை என்ற ஒன்றை நாம் மதிப்பெண்ணாக மாற்றும்போது அதற்குள் ஏற்கெனவே ஓர் ஆண் உடல் நிற்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அதே குறளின் காமத்துப்பாலில் தலைவி எவ்வளவு பேசுகிறாள்! தோழியிடம், தன் நெஞ்சிடம், மாலைப்பொழுதிடம். நயமும் வாதமும் எள்ளலும் நிறைந்த பேச்சு. கேட்கத்தான் அவை இல்லை.

அவைக்குப் பெண் வந்த இடங்களும் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை இருக்கிறார். சிலம்பில் மாதவியின் அரங்கேற்றம், ஒரு பெண் அரசவையில் மதிப்பிடப்படுவதை நம் இலக்கியம் விரிவாகச் சொல்லும் இடம். பன்னிரண்டு வயதுப் பெண். ஆடலும் பாடலும் அழகும் அளவிடப்பட்டு, தலைக்கோல் பட்டமும் அரசனின் பச்சை மாலையும் கிடைக்கின்றன. அடுத்து என்ன நடக்கிறது? அந்த மாலைக்கு 1008 கழஞ்சுப் பொன் விலை என்று கூனி நகர நம்பியர் திரியும் தெருவில் கொண்டுபோய் நிற்கிறாள். பெண் பெற்ற மதிப்பெண் அன்று மாலைக்குள் விலையாகிவிட்டது. கண்ணகியின் கதை வேறு. தலைவிரி கோலமாக வருகிறாள், உரக்கப் பேசுகிறாள், யாரும் அவளுக்கு மேடை தரவில்லை. ஆனால் அவள் வாதத்தைப் பாருங்கள். என் ஊர் எது, என் ஊர் அரசர்கள் நீதியில் எப்படிப்பட்டவர்கள், நான் யார் மனைவி, என் சிலம்பினுள்ளே என்ன பரல் என்று ஒழுங்காக அடுக்கி, சான்றுப்பொருளை அவையிலேயே உடைத்துக் காட்டுகிறாள். எங்கள் தாளில் அவளுக்குப் பாடப்பொருளுக்கு ஒன்று கிடைக்கும். உடல்மொழிக்கு என்ன கொடுப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே ஒரு மதிப்பெண் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறையப் பேசும் ஆண் நாவன்மை மிக்கவன்; நிறையப் பேசும் பெண் வாயாடி. ஆண்கள் சட்டமன்றத்தில் கத்திக்கொண்டால் அதைக் குழாயடிச் சண்டை என்று எழுதுகிறார்கள், ஏதோ அந்தச் சத்தம் பெண்களிடம் கடன் வாங்கியது போல. தண்ணீருக்காகக் குடத்தோடு நிற்பவளின் வழக்கு சட்டமன்ற வழக்கைவிடப் பெரியது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பொதுவாழ்வு, பொதுமேடை, பொதுமக்கள் எல்லாம் மரியாதையான சொற்கள். அதே ‘பொது’வை மகளிரோடு சேர்த்தால் பொருள் எங்கே போய் விழுகிறது என்று அகராதியைப் பாருங்கள். பெண்களுக்கு உரத்த குரல் இல்லை என்பதும் பொய். ஒப்பாரிக்குக் குரல் இருந்தது, நடவுப்பாட்டுக்கு இருந்தது, குலவைக்கு இருந்தது. சாவு வீட்டில் ஊரே கேட்க ஒருத்தி மணிக்கணக்கில் வாழ்க்கை வரலாறு சொல்லி அழலாம். அதே ஒருத்தி பஞ்சாயத்தில் வாய் திறந்தால் ‘ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்ல’ என்பார்கள்.

நாம் இன்று மேடைப்பேச்சு என்று சொல்வதற்கு அவ்வளவு வயதில்லை. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். பாதிரிமார் எப்படிப் பேசிக் கூட்டத்தைப் பிடிக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தவர். எதிரியின் கருவியை எடுத்துத் தன் சமயத்துக்குப் பயன்படுத்தினார். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர் முன்னால் பேசினார்கள். அதன் பிறகு தொழிற்சங்கம், சுயமரியாதை இயக்கம், திராவிட இயக்கம் என்று மேடை வளர்ந்தது. அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் மதுரையில் தங்கி ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட நூல், தொன்மையானது போலத் தோன்றும் இந்த அலங்காரச் செந்தமிழ்ப் பேச்சு இருபதாம் நூற்றாண்டு அரசியல் உருவாக்கிய புதிய அழகியல் என்று காட்டுகிறது. அந்த மேடையின் குரல்தான் கணீர்க் குரல். வெண்கல மணியின் ஓசை. தமிழ்த்துறைகளுக்கும் மேடைக்கும் இடையில் கதவே இருக்கவில்லை. நெடுஞ்செழியனும் அன்பழகனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து மேடைக்கு வந்தார்கள். அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே பேசினார். மாணவன் பகலில் வகுப்பிலும் இரவில் பொதுக்கூட்டத்திலும் ஒரே தமிழைக் கேட்டான்.

மாணவி? பொதுக்கூட்டம் களைகட்டுவதே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பது விடுதியில் படித்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பேசக் கற்பது பெரும்பாலும் கேட்டுக் கற்பது. கேட்கும் இடமே மூடப்பட்டிருந்தது. நான் பள்ளியில் பேசிய பேச்செல்லாம் தமிழய்யா எழுதிக் கொடுத்து, நான் மனப்பாடம் செய்து, கைகளை எங்கே உயர்த்த வேண்டும் என்பதுவரை அவர் காட்டியபடி ஒப்பித்தவை. எந்த வரிக்குக் கோபப்பட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

ஆனாலும் பெண்கள் பேசினார்கள். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி முத்துலட்சுமி. ஆண்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்பு வந்தது. வகுப்பில் மற்ற மாணவர் பார்வையில் படாமல் திரைமறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912இல் மருத்துவர் ஆனார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவர். திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவர், யார் பேசலாம், யார் உட்கார வேண்டும் என்று ஆண்களுக்குச் சொல்லும் இருக்கைக்கு வந்தார். அங்கிருந்துதான் தேவதாசி முறை ஒழிப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்து வாதாடினார். அவர் தாய் சந்திரம்மாள் அந்தக் குலத்திலிருந்து வந்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த அவையில் அவர் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். சட்டத்தோடு அவர் வாதாட வேண்டியிருந்தது. ‘பொது’ என்ற அந்தச் சொல்லோடும்தான்.

மூவலூர் இராமாமிர்தத்தின் பாதை இன்னும் கரடுமுரடு. 1883இல் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். தேவதாசிக் குலத்தில் வளர்க்கப்பட்டு, அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறி, அந்த முறைக்கு எதிராகவே ஊர் ஊராகப் பேசியவர். முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம். 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதினார். 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் படை ஆகஸ்ட் 1 அன்று திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அந்தப் படையில் நடந்த ஒரே பெண் அவர். வயது ஐம்பத்தைந்து. 42 நாள் நடை. வழிநெடுகக் கூட்டங்கள்; செப்டம்பர் 11 அன்று சென்னை. ஐந்து கட்டத் தாள் எதையும் கையில் வைத்துக்கொண்டு யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வசவும் கல்லும்தான் பல ஊர்களில் மேடைப்பெண்களுக்குக் கிடைத்த மதிப்பீடு.

அதே 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார். மறுநாளே டாக்டர் தர்மாம்பாளும் மூவலூர் இராமாமிர்தமும் இன்னும் சில பெண்களும் மறியல் செய்து கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் கைக்குழந்தைகளோடு சிறை போன தாய்மார்கள் உண்டு. இந்த மாநாட்டை நம் பாடநூல்கள் ஒரே ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றன: ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கிய மாநாடு அது. பெண்கள் சேர்ந்து ஒரு ஆணுக்குத் தந்த பெயர் ஊரெங்கும் நிலைத்தது. அதைத் தந்தவர்கள் பேசிய பேச்சு என்ன என்று என் மாணவர்களிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே முதுகலை படிக்கும்வரை தெரியாது. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெண்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றியதில், மாநாட்டுத் தலைமை தந்ததில் சுயமரியாதை இயக்கத்துக்கு ஈடாக அன்று வேறு இயக்கம் இங்கே இல்லை. மேடை தந்த இயக்கமும் மேடையின் குரலை ஆண்குரலாகவே வைத்திருந்தது என்பது இன்னொரு உண்மை.

பட்டங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். சோமசுந்தர பாரதியார் நாவலர். நெடுஞ்செழியன் நாவலர். ரா.பி. சேதுப்பிள்ளை சொல்லின் செல்வர். ஈ.வெ.கி. சம்பத்தும் சொல்லின் செல்வர். ம.பொ.சி. சிலம்புச் செல்வர். இந்தப் பக்கம் தர்மாம்பாள் வீரத் தமிழன்னை, மீனாம்பாள் அன்னை மீனாம்பாள், மற்றவர்களெல்லாம் அம்மையார். ஆணின் நாக்குக்குப் பட்டம் இருக்கிறது. எவ்வளவு பேசினாலும் பெண்ணுக்குக் கடைசியில் தாய்ப்பட்டம்தான்.

இப்போது எங்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பல்கலைக்கழகம் நடத்தும் எழுத்துத்தேர்வையே நம்பியிருந்த கலைக் கல்லூரிகளில், 1978இல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்த பிறகு அகமதிப்பீடு வேர்பிடித்தது. மூன்று மணி நேரத் தேர்வு மட்டும் ஒரு மாணவியை அளக்கப் போதாது என்ற எண்ணம் நல்ல எண்ணம். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் எழுத்துத்தேர்வில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. விடைத்தாளில் பெயர் இருக்காது, டம்மி எண்தான். திருத்துகிறவருக்கு அவள் யார், எந்த ஊர், என்ன சாதி, என்ன துணி உடுத்தியிருக்கிறாள் என்று தெரியாது. செமினாரில் டம்மி எண் கிடையாது. உடம்போடு வந்து நிற்க வேண்டும். வாய் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும். தமிழ்த்துறைகளுக்கு ‘ழ’ ஒரு நோய். வாழைப்பழத்தை வாளப்பளம் என்றோ வாயப்பயம் என்றோ சொல்லிவிட்டால் உச்சரிப்பில் அரை மதிப்பெண் போகும். அவள் அம்மாவும் பாட்டியும் பேசிய வாயின் வழக்குக்கு நாம் விதிக்கும் தண்டம் அது. இதில் பெண்ணுக்குக் கூடுதலாக ஒன்று: நின்றால் குனிகிறாள் என்போம், நிமிர்ந்தால் திமிர் என்போம். கல்லூரி விழாக்களில் மைக் எப்போதும் ஆண்களின் உயரத்துக்கே நிற்கும். ஒவ்வொரு பெண் பேச வரும்போதும் மைக்செட் தம்பி ஓடிவந்து கழுத்தைத் திருகித் தாழ்த்திவிட்டுப் போவார். பேச்சின் முதல் பத்து நொடி அதில் போய்விடும், அவையின் சிரிப்போடு.

என் கதையும் இதில் இருக்கிறது. என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அழைப்பிதழ் அடித்தோம். பட்டுப்புடவை, பொன்னாடைகள், வந்தவர்களுக்குச் சாப்பாடு. தேர்வு எழுதுகிறவளே பந்தி விசாரிக்கும் வினோதத் தேர்வு அது. சாம்பார் போதுமா என்ற கவலையும் ஆய்வின் மூன்றாம் இயல் பற்றிய கவலையும் ஒரே தலைக்குள் இருந்தன. கேள்விகள் முடிந்ததும் அவையிலிருந்து ஒரு பெரியவர், “அம்மாவுக்குக் குரல் இனிமையா இருக்கு, ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாமே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாடினேன். ஐந்தாண்டு உழைப்பு இனிமை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டதை வீட்டுக்கு வந்துதான் உணர்ந்தேன். அதன் பிறகு வகுப்பிலும் கவியரங்கத்திலும் என் குரலை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். கீச்சென்று இருக்கக் கூடாது, கணீரென்று இருக்க வேண்டும். யாரும் கட்டளையிடவில்லை. நானே தொண்டையைப் பழக்கினேன். அப்படிப் பழக்கிய தொண்டையோடு முன் இருக்கையில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சுழி போட்டேன்.

துறைக்கூட்டத்தில் தாளை மாற்ற வேண்டும் என்றேன். பாடப்பொருளுக்கு 3, வினாவிடைக்கு 2, மற்றவை வேண்டாம். மூத்த பேராசிரியர் ஒருவர், பெண்தான், மறுத்தார். “நேர்முகத் தேர்வுல யாரு நாற்காலிய இழுத்துப் போட்டு உங்க பொண்ணு பேச்சக் கேக்கப் போறா? உரக்கப் பேச நாம சொல்லித் தரலன்னா யாரு சொல்லித் தருவா?” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் சொல்லித் தருவது வேறு, சொல்லித் தராததற்கு மதிப்பெண் கழிப்பது வேறு. எங்கள் பாடத்திட்டத்தில் குரல் பயிற்சிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கடைசியில் பாடப்பொருளுக்கு 2, வினாவிடைக்கு 2, எடுத்துரைப்புக்கு 1 என்று முடிவானது. அந்த ஒன்றையும் முதல் செமினாரிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தே போட வேண்டும் என்று எழுதி வாங்கினேன். கோப்பை வாங்கும் மாணவன் என்னிடம் வந்து, “அப்ப நல்லாப் பேசுறது தப்பாம்மா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் தெளியவில்லை. அவன் பேச்சையும் யாரோ ஒரு அய்யா எழுதிக் கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறார். அடுத்த முறை அடுக்குமொழி இல்லாமல் ஐந்து நிமிடம் பேசிப் பார் என்றேன். அவனுக்கு அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே வேர்த்துவிட்டது.

முதல் செமினாரின் இரண்டை மாற்ற முடியவில்லை. இணையத்தில் ஏற்றிவிட்டால் திருத்த முடியாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது செமினாருக்கு அவளே தலைப்பைத் தேர்ந்துகொண்டாள். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதே, புதுமைப்பெண் திட்டம், அதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989இல் திருமண உதவித் திட்டமாக இருந்தது 2022இல் படிப்புக்கு மாறியது. வகுப்பில் பாதிப் பெண்கள் அந்தப் பணம் வாங்குகிறார்கள். வங்கிக் குறுஞ்செய்தி வருவதைத் தவிர அந்த அம்மையாரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. “யாரு பேர்ல காசு வாங்குறோம்னு தெரிஞ்சுக்க வேணாமா?” என்று தொடங்கினாள். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தோம். நடுவில் நிற்கச் சொல்லவில்லை. அவளும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தே பேசினாள். குரல் பெரிதாகிவிடவில்லை. கடைசி வரிசை என்று ஒன்று இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. உறையூரிலிருந்து நடையைச் சொன்னாள், நாவலைச் சொன்னாள், கைதைச் சொன்னாள். தாளை முகத்துக்கு முன்னால் பிடிக்கவில்லை, மடியில் வைத்திருந்தாள்.

கேள்வி நேரத்தில் யாரும் கேட்பதற்குள் அவளே என்னைக் கேட்டாள். “அவங்க குரல் எப்படிம்மா இருந்திருக்கும்?”

நான் கேட்டதில்லை என்றேன்.

“42 நாள் வெயில்ல நடந்து ஊருக்கு ஊர் பேசியிருக்காங்க. சென்னை வர்றப்ப தொண்டை கட்டித்தான் போயிருக்கும்” என்றாள். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நகர்த்தினாள்.